கருவேலங்காம்பு

நான்காவது கோடாலியையும் ருக்கு கீழே வைத்தாள்.

திண்டிவனத்தில் முப்பது வருடமாக இரும்புச் சாமான் விற்கிற அந்தோணிசாமி இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லை. நாளைக்கே வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். வந்து அரைமணி நேரம் ஆகிறது.

"இது பைபர் காம்புமா. மழை, வெய்யிலு எதுவும் பண்ணாது. உங்க பேரன் காலத்துக்கும் வரும்."

"வேர்த்தா வழுக்கும்ணா."

இரும்புக் குழாய்க் காம்பை எடுத்துக் காட்டினார். ஒடியவே ஒடியாது என்றார். அடிக்கிற அடியெல்லாம் தோளுக்கு ஏறும் என்றாள். அதுவும் சரிதான். காய்ந்த வேப்பங்காம்பில் இரண்டு கணுவைக் கண்டுபிடித்தாள். அவை இருப்பது அவருக்கே அதுவரை தெரியாது.

கோடாலி அவள் புருஷன் தாண்டவராயனுக்கு.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து நாலு நாள் முன்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, கோடாலி கேட்டான். சவுக்கு வெட்டிய நிலத்தில் அடிக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன. அவற்றைப் பெயர்த்தால்தான் மல்லாட்டை விதைக்கலாம். பொக்லைன் வைக்கலாம் என்றால் முறைக்கிறான். அடுத்தவன் கோடாலியையும் தொடமாட்டான். அப்படி ஒரு திமிர்.

பழைய கோடாலியைக் கேப்பை மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தாள் ருக்கு. அது தப்பாகப் போயிற்று. இரண்டு நாள் தேடினான். மூன்றாம் நாள் புதுசு வாங்கி வா என்றான், இல்லாவிட்டால் நானே வண்டியை எடுக்கிறேன் என்றான். எடுப்பான். அதனால்தான் ஒலக்கூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

போன் அடித்தது.

"இன்னாடி, கோடாலி வாங்கறியா, கல்யாணப் பொடவை எடுக்கறியா? கருவேலங்காம்பா பாரு. மத்ததெல்லாம் குப்ப."

ருக்கு போனை இடுப்பில் செருகினாள். கடையின் மூலையில், பட்டைகூட உரிக்காமல், ஒரு கட்டுக் கருவேலங்கழி சாய்த்து வைத்திருந்தது. ஒவ்வொன்றாக உருவிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஆறாவது கழி நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. ஒரு கணு இல்லை. இதைப் பார்த்துவிட்டால் தாண்டவராயன் வேறு காம்பைக் கையால் தொடமாட்டான்.

இன்னொன்றும் செய்யமாட்டான். முன்பு ஒருமுறை ஈரம் காயாத காம்பில் மாட்டிய கோடாலி கழன்று பறந்து, கன்றுக்குட்டியின் கால் போனது. அன்றிலிருந்து பச்சைக் காம்பில் அவன் இரும்பு ஏற்றுவதில்லை. யார் சொன்னாலும் ஏற்றுவதில்லை.

"இத குடுங்கணா. இரும்பு தனியா."

அந்தோணிசாமிக்குப் பாவமாகிவிட்டது. இவ்வளவு விவரம் தெரிந்தவள் கடைசியில் இப்படிக் கோட்டை விடுகிறாளே.

"அது நேத்து வெட்டியாந்ததுமா. ஒன்றர மாசம் நெழல்ல காயணும். நாளைக்கே வேணும்னீங்களே?"

ருக்கு கழியை முந்தானையால் துடைத்தாள்.

"டாக்டரும் ஒன்றர மாசம்தான்ணா சொன்னாரு."