கல்லூரி வாசலில் வளைந்த நிழல்

அவள் தன் பெயருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

பெயர் ஃப்ளெக்ஸில் இருந்தது. 'வளைய சூரிய கிரகணம் தெரியும் பகுதிகள். வரைபடம்: செ. மாதங்கி, மூன்றாமாண்டு இயற்பியல்.' அதற்கு மேலே வரைபடம். அதற்கும் மேலே, தமிழ்நாட்டைவிடப் பெரிதாகத் தாளாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வானத்தில் சந்திரன் சூரியனை ஓரமாகக் கடித்தாயிற்று.

வரைபடத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு சூரியன் முழு வளையமாகத் தெரியும். வெளியே இருக்கும் ஊர்களுக்கு வெறும் பிறைதான்.

வடக்குக் கோடு ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தது.

சந்திரனின் நிழல் மேற்கு மலையிலிருந்து ஒழுங்காக இறங்கி வருகிறது. கல்லூரி வாசலில் மட்டும் வடக்கே ஒதுங்குகிறது. தாளாளருக்கு ஒரு வணக்கம் வைக்கிறது. பிறகு மறுபடியும் தன் வழியே கடலுக்குப் போய்விடுகிறது.

அவள் போட்ட கோட்டில் புடைப்பு கிடையாது. அது கல்லூரிக்குத் தெற்கே, செம்மண்காடு என்ற கிராமத்துக்கு இந்தப் பக்கமாகப் போனது. அந்த ஊருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். செம்மண்காடு உள்ளே. கல்லூரி வெளியே.

தாளாளர் அதற்குக் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, காப்பி வரவழைத்துப் பேசினார்.

"பைபாஸு நம்ம காலேஜ விட்டு ரெண்டு மைலு தள்ளித்தான் போறதா இருந்துச்சு கண்ணு. திருப்புனமா இல்லையா? அது தார் ரோடு. இது வெறும் கோடு."

பத்திரிகை விளம்பரம் ஏற்கெனவே போயிருந்தது. 'வளையம் தெரியும் ஒரே கல்லூரி.' அடுத்த வருட அட்மிஷனுக்கு சந்திரனும் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டாமா?

அவள் மாட்டேன் என்றாள்.

துறைத்தலைவர் பெஞ்சமின் சார் அவளை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். இழுத்தார்.

"யாரும்மா வானத்துல ஸ்கேல் வெச்சுப் பாக்கப் போறாங்க?"

அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள்.

"உழைச்ச புள்ள பேர எடுக்கறதா? அது பாவம்மா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அது போன வாரம். ஒரு வாரமாக அவளுக்குக் காது சுட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று காலையில் பஸ் வந்தது.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு வளையத்தைக் காட்டுவது கல்லூரியின் சமூகத் தொண்டாம். பஸ்ஸிலேயே பேனர் கட்டியிருந்தார்கள். பள்ளி டீச்சரம்மா முன்னால் வர, பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி, ஒரு பிஸ்கட் பாக்கெட். எல்லார் சட்டையிலும் பள்ளியின் பெயர் தைத்திருந்தது.

செம்மண்காடு.

வளையத்துக்கு உள்ளே இருந்த பிள்ளைகளை பஸ் வைத்து அள்ளி, வளையத்துக்கு வெளியே கொண்டுவந்து, வளையம் பார்க்க உட்காரவைத்திருந்தார்கள்.

அவர்கள் பள்ளிக்கூட வாசலில் சும்மா நின்றிருந்தால் போதும்.

"அக்கா, வளையம் எப்ப வரும்?"

முன்வரிசையில் ஒரு சிறுமி. கண்ணாடி மூக்கில் நிற்காமல் நழுவியது. பிடித்துக்கொண்டே கேட்டாள். அடுத்த முறை இந்தப் பக்கம் வளையம் வரும்போது இவளுடைய பிள்ளைகள் காலேஜில் படித்துக்கொண்டிருக்கும்.

அவள் பதில் சொல்வதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொன்னாடை போட்டார்கள். போட்டோவுக்காக மறுபடியும் போட்டார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

இங்கே வளையம் தெரியாது. இதைத்தான் அவள் சொன்னாள். 'இங்க வளையம்' வரைக்கும் மைக்கில் கேட்டது. மிச்சம் கேட்கவில்லை. பெஞ்சமின் சாரின் கை ஆம்பிளிஃபயர் மேல் இருந்தது.

மைதானம் கைதட்டியது.

பிள்ளைகள்தான் ரொம்பச் சத்தமாகத் தட்டினார்கள்.

"கூச்சப்படுது பாருங்க" என்று சொல்லித் தாளாளரும் தட்டினார்.

அவள் இறங்கினாள். பொன்னாடையை நாற்காலியில் போட்டாள். பஸ் வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் கார்மேகண்ணன் ஸ்டியரிங்கில் கால் போட்டுப் படுத்திருந்தார்.

மேலே சூரியன் பாதிதான் மிச்சம். வளையத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. போய்ச் சேருகிற அளவுக்கு இருந்தது.

"ஏனுங்ணா, புள்ளைகள அவங்க ஊருக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போகோணும். இப்பவே."

அவர் காலை எடுத்தார்.

"கூத்து இன்னும் முடியவே இல்லியே. சாரு சொன்னாங்களா?"

அந்த வரைபடத்துக்கு ஆறு மாதம். ஒரு புள்ளியைக்கூட அது இல்லாத இடத்தில் அவள் வைத்ததில்லை. பிராக்டிகல் மார்க் பெஞ்சமின் சார் கையில் இருந்தது. டி.சி. தாளாளர் கையில் இருந்தது.

"ஆமாங்ணா. சாருதான் சொன்னாரு."

குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

கார்மேகண்ணன் மேடையைப் பார்த்தார். அங்கே தாளாளர் மைக்கைப் பிடித்து, கிரகணத்தை வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சமின் சார் எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்தார்.

கார்மேகண்ணன் சாவியைத் திருகினார். பஸ் உறுமியது.

"எந்த சாருன்னு நான் கேக்கவே இல்ல" என்றார். "நீயும் சொல்லவே இல்ல. டீச்சரம்மாளக் கூப்பிட்டு, வெரசா ஏத்து புள்ளைகள."