சொக்கப்பனைக்கு அர்த்தம்

"ஓம், நான்தான் கொளுத்தினனான்" என்றான் பேணாட்.

சல்லி ஊர் அம்மன் கோயில் வாசலில் கூட்டம் கொதித்தது. இன்றைக்குக் கார்த்திகை விளக்கீடு. பனங்குற்றி நட்டு, ஓலை சுற்றி வைத்த சொக்கப்பனை நேற்றிரவே எரிந்து கரிக்கட்டையாக நின்றது.

கோயில் தலைவர் சின்னராசா அந்தக் கரிக்கட்டையைச் சுற்றி வந்தார். "சொக்கன் எண்டால் சிவன். அடிமுடி காணேலாத சோதியாய் நிண்டவர். அந்தச் சோதிதான் சொக்கப்பனை" என்று, வெள்ளைக்கார நேவி விட்டுப்போன ஒலிபெருக்கியில் வருஷா வருஷம் விளக்குகிறவர் அவர். பாதி ஊர் கொட்டாவி விடும். அது வேறு கதை.

"நீர் சிலுவை கும்பிடுற வேதக்காரன். உமக்கு இது விளையாட்டாய்ப் போச்சோ?"

"இல்லை அண்ணை. பேய்க்காத்து. கடலில ஒரு வள்ளத்து லாம்பு வெளிச்சம் பாறைப் பக்கமாய்ப் போச்சுது. கையில அம்பிட்டது இதுதான்."

"எங்கட வள்ளம் எல்லாம் கரையில கிடக்குது. ஆருக்காகக் கொளுத்தினீர்?"

"ஆரெண்டு தெரியாது."

கூட்டம் சிரித்தது.

"இனி இந்த வாசலில கால் வைக்காதையும்" என்றார் சின்னராசா.

பேணாட்டின் முகம் செத்துப்போயிற்று. வருஷா வருஷம் அந்தப் பனையில் ஏறி ஓலை கட்டுகிறவனே அவன்தான். திரும்பி நடந்தான்.

அப்போதுதான் கடற்கரைப் பக்கமிருந்து நாலைந்து பேர் ஒரு பனங்குற்றியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர், குடாவுக்கு அக்கரையில் உள்ள முஸ்லிம் ஊரான கிண்ணியாவின் மஹ்ரூப்.

"தலைவர், ராத்திரி வந்த வள்ளம் எங்கட. நிலாவெளியில கலியாணம் முடிஞ்சு பொண்டுகள் புள்ளைகளோட வந்த நாங்க. இருட்டில கரை தெரியல்ல. உங்கட நெருப்பைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் கரை சேர்ந்த. அது சாமிக்கு வெச்ச பனையாம் எண்டு விடிஞ்ச பிறகுதான் தெரியும். அதுதான் இதைக் கொண்டுவந்த."

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னராசா எட்டிப்போய்ப் பேணாட்டின் கையைப் பிடித்தார்.

"ஏறி ஓலையைக் கட்டும், தம்பி. நேரம் போகுது."

மாலையில் ஒலிபெருக்கி வழக்கம்போல் இரைந்தது.

"சொக்கன் எண்டால் சிவன்..." என்று தொடங்கிய சின்னராசா நிறுத்தினார். மணலில் ஒதுங்கி நின்ற கிண்ணியாக்காரரைப் பார்த்தார். பேணாட்டைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்த அர்த்தம் எல்லா ஊருக்கும் தெரியும். எங்கட சல்லியில சொக்கப்பனை எண்டால், ஆர் எவர் எண்டு கேளாமல் கரை காட்டுற நெருப்பு."