ஏசி காரில் போன பலூன்

பேத்தியின் பிறந்தநாளுக்குத் திண்டிவனத்தில் வாங்கிய ஜிகினா பலூன், கார் கிளியனூர் ரோட்டைப் பிடிப்பதற்குள் இரண்டாவது தடவையாகச் சுருங்கிவிட்டது. நேமிசந்திரன் கோபத்தோடு வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, வெயிலில் பலூனோடு நடந்து கடைக்கு வந்தார்.

"கேஸைக் கம்மியா அடைச்சு ஏமாத்துறியாம்மா?"

கடைக்காரி அருணா பலூனைத் தட்டினாள். "விண்ணுனுதான இருக்குது?"

விண்ணென்றுதான் இருந்தது. அவருக்குப் பேஜாராகிவிட்டது. "இதோட ரெண்டு தடவை. கார்ல சுருங்குது, உன் கடைக்கு வந்தா உப்பிக்குது."

"ஏசி போட்டுக்கினு போறீங்களா?"

"வேகாத வெயில்ல போடாம? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"காத்து குளிர்ல சுருங்கும், சூட்டுல விரியும். வீட்டுக்குப் போனதும் சரியாயிடும்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

அருணா சிரித்துவிட்டாள்.

"நீங்கதான் சார். பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில, சார்லஸ் விதியை மறந்துட்டேன்னு நூறு தடவை எழுத வெச்சீங்களே."