அடைபட்ட கதவு

கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்தவர்களுக்குக் கதவு அடைபட்டுப்போன பத்துக் கன்னிகைகளின் உவமையைப் போன வாரம் பிரசங்கித்த போதகர், “நியாயத்தீர்ப்பு நாளில் அடைபட்ட கதவு திறக்காது” என்றார். ஒன்பது மணிக்குமேல் யாரையும் விடக் கூடாது என்று ஆலயக் காவலாளிக்கும் உத்தரவு போட்டார்.

இந்த ஞாயிறு ஒன்பதே காலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பாட்டுச் சத்தத்தில், உள்ளே நின்ற காவலாளிக்குக் குரல் யாருடையது என்று பிடிபடவில்லை.

“திறங்க. வழியில ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வர்றேன்.”

“காரணம் எல்லாருக்கும்தான் இருக்கு. ஐயா உத்தரவு, திறக்க முடியாது,” என்றார் காவலாளி.

சற்று நேரத்தில் போதகரின் மனைவி ஆலயத்துக்குள்ளிருந்து பதறியபடி வந்தார். “ஐயா இன்னும் வரலையே, பார்த்தீங்களா?”

தட்டிய குரல் நினைவுக்கு வர, ஓடிப்போய்க் கதவைத் திறந்தார் காவலாளி. தாமதமாக வந்த நாலு பேரோடு போதகரும் படியில் உட்கார்ந்திருந்தார்.

“யாருன்னு சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“இவங்க முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரல. முதல்ல இவங்களை உள்ள விடுங்க.”