நாலு விரல் உயரம்

பழைய ஆறு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கும் குவோ வென்பிங், பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனார். பூனைமேல் வழக்குப் போடாததுதான் குறை.

“திமிர் டாக்டர்! பதினாறு வருஷமா ஒழுங்கா மணல் தொட்டியில போன கழுதை, இப்ப என் சோபாவுல மூத்திரம் போகுது.”

மருத்துவர் பின்னங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். பூனை அலறியது.

“திமிர் இல்லீங்க, மூட்டுவலி. தொட்டி விளிம்பு நாலு விரல் உயரம்தான். வலிக்கிற காலுக்கு அதுவே மலை. திட்டாதீங்க, விளிம்பை வெட்டிக் கொடுங்க.”

குவோவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் விளிம்பை வெட்டினார். சாய்பலகை வைத்தார், அதன்மேல் கம்பளமும் விரித்தார்.

“வயசான ஜீவனை ஏறி இறங்க வைக்கிறது பாவமில்லையா?” என்று மனைவி லான்யிங்கிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

லான்யிங் ஒரு தாளை நீட்டினார்; கட்டடத்துக்குப் புதிதாக லிஃப்ட் வைக்க எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்திட வேண்டிய சம்மதப் படிவம். “அப்போ லிஃப்டுக்கும் சம்மதிச்சிடலாமே? நம்ம வீடு மட்டும்தான் பாக்கி. ஆறாவது மாடி ஷென் அம்மா முட்டிவலியால எட்டு மாசமா கீழயே இறங்கல.”

“அது சோம்பேறித்தனம்! தினம் படி ஏறினா முட்டி தானா சரியாகும். வெளிச்சுவரை ஒட்டி லிஃப்ட் கட்டினா நம்ம ஜன்னல் வெளிச்சம் மறைஞ்சிடும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“உங்களை யாரு போடச் சொன்னா? இது எங்கப்பா வாங்கிக் கொடுத்த வீடு. பத்திரம் என் பேர்லதான் இருக்கு. சும்மா, உங்க மனசு எவ்வளவு இளகியிருக்குன்னு பார்த்தேன்.”

சொல்லிவிட்டு லான்யிங் பேனாவைத் திறந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.