சனிக்கிழமைப் பிரெஞ்சு

மெற்றில்டா கண்ணாடிக்கு முன்னால் நின்று முத்தம் கொடுப்பதுபோல் உதடுகளைக் குவித்தாள். பிறகு விரித்தாள். மறுபடி குவித்தாள்.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பெனடிக்ற், என்ன செய்கிறாய் என்று மனைவியைக் கேட்டான்.

"பிரெஞ்சில ஒரு சத்தத்துக்கு வாயை இப்பிடி வைக்கோணுமாம். பிலிப் காட்டித் தந்தவர்."

பிலிப் அதை எப்படிக் காட்டித் தந்திருப்பான் என்று நினைத்துப் பார்த்த பெனடிக்றுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

லண்டன் இல்ஃபோர்டில் அவர்களுடைய வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் பிலிப் இருந்தான். நாற்பது வயதுப் பிரெஞ்சுக்காரன், தனிக்கட்டை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் வேலைக்காகப் படிக்கும் பெரியவர்களுக்கும் வீட்டு முன்னறையில் ஒவ்வொருவராக வைத்துப் பாடம் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அவனிடம் போன பிறகு பிரெஞ்சில் வெளுத்து வாங்குகிறார்கள் என்று மாதா கோயிலில் சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மெற்றில்டாவுக்கு உடுப்புக் கடையில் வேலை. பிரெஞ்சு பேசுகிறவர்களும் கடைக்கு வருகிறார்கள், படித்தால் நல்லது என்று அந்த வருடம் பங்குனியில் தொடங்கினாள். முதலில் கணவனிடம்தான் கேட்டாள். கல்யாணத்துக்கு முன் அவன் நாலு வருடம் பாரிசில் இருந்தவன்.

"அங்க நான் கோப்பை கழுவினனான். தண்ணிச் சத்தம்தான் கேட்டது, பிரெஞ்சு எங்க கேட்டது?" என்று அவன் தட்டிக் கழித்துவிட்டான்.

சனிக்கிழமை வகுப்புகள் மெற்றில்டாவை மாற்றின. கடை மனேஜரிடம் ஒரு நாள் லீவு கேட்கவே நடுங்குகிறவள், இப்போது தன்னை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி நேரே போய்க் கேட்டு, மாறியும் விட்டாள். பிழை விட்டாலும் பரவாயில்லை, வாயைத் திற என்று பிலிப் சொல்வானாம். கறி வைக்கும்போதும் பிலிப், பஸ்சுக்கு நிற்கும்போதும் பிலிப். தன்னோடு ஐந்து வருடம் இருந்து வராத தைரியம் இன்னொருத்தன் வீட்டில் ஐந்து மாதத்தில் வந்துவிட்டதே என்று பெனடிக்ற் வெந்துபோனான்.

வகுப்பை நிற்பாட்டச் சொல்லிப் பார்த்தான். அவள் கோபிக்கவில்லை, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு எல்லாம் சொல்கிறேன் என்றாள். அந்த 'எல்லாம்' அவனை இன்னும் வதைத்தது.

ஆவணி மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். வெக்கைக்குப் பிலிப்பின் முன்னறை ஜன்னல் திறந்து கிடந்தது. வேலியோரம் ஒதுங்கி நின்று காதைக் கொடுத்தான்.

மெற்றில்டா நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள். உன் குரலைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை என்றாள். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை என்றாள். நீ பயப்படாதே, என் மனதில் உனக்கு இடமிருக்கிறது என்றாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றது பிலிப்பின் குரல். "இன்னும் மென்மையாக."

அதற்கு மேல் பெனடிக்றால் நிற்க முடியவில்லை. கதவை இடித்தான். திறந்த பிலிப்பை ஒரு கையால் தள்ளிக்கொண்டு முன்னறைக்குள் போய், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். அடுத்தவன் பெண்டாட்டிக்குப் பாடமா சொல்லிக் கொடுக்கிறாய், காதலா சொல்லிக் கொடுக்கிறாய் என்று கத்தினான். பிலிப் பதில் சொல்ல வாயெடுத்தபோதும் விடவில்லை. மூச்சு முட்டிய பிறகுதான் நிறுத்தினான்.

மெற்றில்டா கதிரையை விட்டு எழும்பவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வடிவாக் கதைக்கிறியள்" என்றாள். "பிலிப்பை விட வேகம்."

அப்போதுதான், தான் இவ்வளவு நேரமும் ஏசியது பிரெஞ்சில் என்பது பெனடிக்றுக்கு உறைத்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் விடவில்லை.

"கதையை மாத்தாத. நீ சொன்னது முழுக்க வெளியில நிண்டு கேட்டனான். எனக்கு வயிறு பத்தி எரியுது, மெற்றில்டா."

"எனக்கும் எரிஞ்சது" என்றாள் அவள். "மாசி மாசம், நீங்கள் வேலைக்குப் போயிருக்கேக்க பாரிசில இருந்து ஒரு போன் வந்த அண்டைக்கு. ஒரு சின்னப் பிள்ளையின்ர குரல். உங்கட பேரைச் சொல்லிப் படபடவெண்டு பிரெஞ்சில கதைச்சு அழுதுது. கதைக்கேலாமல் நான் போனை வைச்சிட்டன். பிறகு அந்த அழுகை என்னை விடேல்ல. அதோட கதைக்கத்தான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினனான்."

மெற்றில்டா குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தப் பிள்ளை சொன்னதில ஒரேயொரு சொல்லுத்தான் எனக்கு விளங்கினது. எங்கட மன்னாரிலயும் அப்பிடித்தானே கூப்பிடுறவை."

"என்ன சொல்லு?" என்றான் பெனடிக்ற்.

"பப்பா."