மூன்று மாதம் கழித்து

மனைவி காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கணவனின் முடி, நேற்று ஒரே நாளில் தலையணையிலும் குளியலறையிலும் பொறுக்கியது. பத்து நாளாக இப்படித்தானாம்.

"எல்லாம் ஆபீசாலதான் டாக்டர். காலைல எட்டு மணிக்குப் போனா வர ஏழு ஆகுது. அப்புறம் தலையில முடி எப்படி நிக்கும்?"

கணவன் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோல் டாக்டர் லென்ஸை எடுத்து முடிகளின் வேர்முனையைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சின்னதாய் ஒரு வெள்ளைக் குமிழ். வழுக்கை இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். கடும் காய்ச்சலோ பெரிய அதிர்ச்சியோ வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே விழாது.

"வேர் வேலையை நிறுத்தி மூணு மாசம் ஆயிருக்கும். வெளிய தெரியறது இப்பதான்."

கணவன் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது நேர்ந்ததா என்று டாக்டர் அவனைக் கேட்டார்.

"ஒண்ணுமே நடக்கல டாக்டர்" என்று மனைவி முந்திக்கொண்டாள். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.

கதவு மூடியதும் அவன் குரலைத் தாழ்த்தினான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவனுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறான். வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு நேரம் தவறாமல் போய்வந்ததில்லை. வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான், கிடைத்தபாடில்லை.

"அவ தாங்க மாட்டா டாக்டர். அடுப்பை அணைச்சமா இல்லையான்னு நாலு தடவை எழுந்து பாக்கற ஆளு."

வேர் சாகவில்லை, முடி திரும்பி வரும், ஆனால் மாத்திரையைவிட வீட்டில் சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். அவன் எதற்கும் பிடிகொடுக்காமல் தலையாட்டினான்.

திரும்பி வந்த மனைவி, நீங்கள் போய் வண்டியை எடுங்கள், மருந்துச் சீட்டை நான் வாங்கி வருகிறேன் என்று அவனை அனுப்பினாள். அவன் டாக்டரைக் கெஞ்சலாகப் பார்த்துவிட்டுப் போனான்.

என்ன காரணம் என்று கேட்கப்போகிறாள், என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடியே டாக்டர் சீட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. படிக்கட்டில் அவனுடைய செருப்புச் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு கொண்டையை அவிழ்த்து, விரல்களால் ஒரு முறை கோதினாள். ஒரு கற்றை நீள முடி கையோடு வந்தது.

"எனக்கும் பத்து நாளாத்தான் கொட்டுது, டாக்டர்."